கடல் தாண்டிய திருமண மோசடி: ஏமாற்றப்பட்டவர்களுக்குச் சட்டம் எதைத் தருகிறது?

பஞ்சாப் மாநில நாளிதழ்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதுவகைத் திருமண விளம்பரம் இடம்பெற்று வருகிறது. சாதி, உயரம், வேலை ஆகியவற்றுக்கு முன்பாக அதில் கேட்கப்படுவது மணமகளின் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண். ஆங்கிலத் திறன் தேர்வில் ஆறு அல்லது ஆறரை பெற்ற பெண் கிடைத்துவிட்டால், திருமணச் செலவு, கல்லூரிக் கட்டணம், விமானக் கட்டணம் அனைத்தையும் மணமகன் வீட்டார் ஏற்றுக்கொள்வர். பெண் மாணவர் விசாவில் கனடா செல்வார்; பின்னர் கணவரைத் துணைவருக்கான பணி அனுமதியில் அழைத்துக்கொள்வார் என்பதே இரு வீட்டாரின் உடன்பாடு.

இதற்கு ஆகும் தொகை சிறியதன்று. கனடாவில் தங்கிப் படிக்கப் போதிய பணம் இருப்பதைக் காட்ட மாணவர் ஒருவர் வைத்திருக்க வேண்டிய தொகையை அந்நாட்டு அரசு 2024 ஜனவரி முதல் 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. இந்திய மதிப்பில் இது மட்டுமே ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். கல்லூரிக் கட்டணம் தனி. சிறு விவசாயக் குடும்பங்கள் நிலத்தை அடமானம் வைத்தும் விற்றும் இப்பணத்தைத் திரட்டுகின்றன. பெண் விமானம் ஏறிய பிறகு தொலைபேசி அழைப்புகள் குறைகின்றன. ஒரு நாள் எண்ணே மாறிவிடுகிறது. 2021-ஆம் ஆண்டில் அத்தகைய கணவர் ஒருவரின் மரணம் பஞ்சாபில் பெரும் விவாதத்தை எழுப்பிய பிறகே, இத்தகைய குடும்பங்கள் காவல் நிலையப் படியேறுவது பொதுவெளியில் பேசப்படும் செய்தியானது.

இதன் பழைய வடிவம் நாடறிந்தது. விடுமுறையில் வந்து மணம் முடித்து, வரதட்சணையைப் பெற்றுக்கொண்டு, விசா அனுப்புவதாகச் சொல்லிச் சென்று திரும்பாத வெளிநாடுவாழ் கணவர்களால் கைவிடப்பட்ட பெண்கள் பஞ்சாப், ஹரியாணா, குஜராத், ஆந்திரம், தெலங்கானா, கேரளம் எனப் பல மாநிலங்களில் உள்ளனர். எண்ணிக்கையிலும் துன்பத்தின் ஆழத்திலும் அவர்களது நிலைமையே பெரிது. எனினும் இரண்டு வடிவங்களிலும் திருமணம் வெளிநாட்டு வாசலைத் திறக்கும் சாவியாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இரண்டிலும் ஏமாற்றப்பட்டவர் இந்தியாவில் இருக்கிறார்; ஏமாற்றியவர் இந்திய நீதிமன்றத்தின் கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறார்.

இவர்களுக்குச் சட்டமே இல்லை என்று பரவலாகக் கூறப்படுவது சரியன்று. சட்டப் பிரிவுகள் போதிய அளவில் உள்ளன. ஆனால் அவை மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததா? காலக்கெடுவுக்குள் வந்தீர்களா? அந்த உடன்பாட்டில் உங்கள் பங்கு என்ன? பெரும்பாலான புகார்கள் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் இடறி விழுகின்றன.

*தொடக்கத்திலேயே இருந்த எண்ணம்*

பணம் பெற்று ஏமாற்றியதற்கான முதன்மையான குற்றவியல் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4). ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இது வழிசெய்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த செயலாயின் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவே பொருந்தும். இரண்டிலும் நிபந்தனை ஒன்றுதான்: வாக்குறுதி அளித்த கணத்திலேயே அதை நிறைவேற்றும் எண்ணம் இல்லாதிருந்திருக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் தொடங்கிப் பின்னர் முறிந்த உடன்பாடு மோசடி ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் எளிது. குடும்ப வாழ்வில் கடினம். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருவர் அயல்நாட்டில் பகலில் படித்து, இரவில் வேலை பார்த்து, அறிமுகமே இல்லாத கணவரின் தொலைபேசிக் கண்காணிப்பில் வாழ்ந்து, ஓராண்டு கழித்து இந்த உறவு வேண்டாம் என முடிவெடுத்தால் அது மணமுறிவே தவிர மோசடி அன்று. அதே பெண் திருமணத்துக்கு முன்பே வேறொருவருடன் கனடாவில் குடியேறத் திட்டமிட்டிருந்ததைக் காட்டும் குறுஞ்செய்திகள் இருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும். தரையிறங்கிய வாரத்திலேயே தொடர்பைத் துண்டித்தது, கணவருக்கான விண்ணப்பத்தை ஒருமுறைகூடத் தாக்கல் செய்யாதது, ஒரே குடும்பம் இருவரிடம் பணம் பெற்றது ஆகியவை நீதிமன்றம் கவனிக்கும் சூழ்நிலைகள். வாட்ஸ்அப் உரையாடல்களைச் சான்றாக வைப்போர் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவுப்படியான சான்றிதழையும் இணைக்க வேண்டும். வெறும் திரைப்பதிவு அச்சு விசாரணையில் நிற்காது.

இங்கு ஒரு புதிய சிக்கலும் எழுந்துள்ளது. கனடா 2024 நவம்பரில் விரைவு மாணவர் விசாத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 21 முதல், குறைந்தது 16 மாத கால முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டம் மற்றும் சில தொழிற்கல்வி மாணவர்களின் துணைவர்களுக்கு மட்டுமே பணி அனுமதி வழங்கப்படுகிறது. பிரிட்டனும் 2024 தொடக்கம் முதல் ஆய்வுப் படிப்பு நீங்கலான பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தினரை அழைத்து வருவதற்குத் தடை விதித்துள்ளது. பஞ்சாப் மணமகள்களில் பெரும்பாலோர் சேர்வது பட்டயப் படிப்புகளில்தான். எனவே, கணவரை அழைத்துக்கொள்ள மனமார விரும்பும் பெண்ணாலும் இன்று அது இயலாது. விதி மாறியதால் நிறைவேறாத வாக்குறுதியை மோசடி எனக் காட்டும் புகார்களும் இனி வரக்கூடும். காவல் துறை இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய நிலையில் உள்ளது.

பெண்கள் பாதிக்கப்பட்ட வழக்குகளில் பிரிவுகள் மேலும் வலுவானவை. முதல் திருமணத்தை மறைத்து மீண்டும் மணம் செய்தவருக்கு நியாய சன்ஹிதாவின் 82(2) பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை தண்டனை கிடைக்கும். கணவர் வீட்டாரின் கொடுமைக்கு 85-ஆவது பிரிவு உள்ளது. நகை, சீர்ப் பொருள்களைத் திருப்பித் தராமைக்கு நம்பிக்கை மோசடிப் பிரிவு பொருந்தும். கொடுமை நடந்த ஊரில்தான் புகார் அளிக்க வேண்டும் என்பதில்லை. பெண் தஞ்சம் புகுந்துள்ள பெற்றோர் ஊரிலும் அளிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்துள்ளது. குற்றம் முழுவதும் வெளிநாட்டில் நடந்திருந்தால் மட்டுமே விசாரணை நடத்த மத்திய அரசின் முன் அனுமதி தேவை. திருமணமும் பணப் பரிமாற்றமும் இந்தியாவில் நடந்திருந்தால் அந்தத் தடை எழாது.

*ஓராண்டுக் கடிகாரம்*

குற்றவியல் புகாரில் கவனம் செலுத்தும் குடும்பங்கள் குடும்ப நீதிமன்றத்தின் காலக்கெடுவைத் தவறவிடுகின்றன. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, முக்கிய உண்மை ஒன்றைப் பற்றிய மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தின் அடிப்படையில் திருமணத்தையே செல்லாததாக்க வழிசெய்கிறது. ஆனந்த் காரஜ் முறையில் மணம் புரிந்த சீக்கியர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தாக்கலாக வேண்டும். தெரியவந்த பின் விருப்பத்துடன் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும், அடுத்த பருவக் கட்டணத்தைச் செலுத்தினால் மனம் மாறக்கூடும் என்று காத்திருந்தே இந்த ஓராண்டு கழிந்துவிடுகிறது.

கெடு கடந்தவர்களுக்கு எஞ்சுவது விவாகரத்து. கைவிடப்பட்ட காரணத்தைக் கூறினால் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பிரிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் வெளிநாட்டில் இருந்தால் மனுதாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். அழைப்பாணை சேர்ப்பிப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தியாவும் கனடாவும் உறுப்பினராக உள்ள ஹேக் உடன்படிக்கையின்படி அது உரிய அரசு அமைப்புகள் வழியாகவே செல்ல வேண்டும்.

முதல் திருமணத்தை மறைத்த கணவரிடம் ஏமாந்த பெண், தம் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டால் ஜீவனாம்ச உரிமையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவது வழக்கம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த அச்சத்தைப் பெருமளவு நீக்கியுள்ளது. செல்லாத் திருமணமாக அறிவிக்கப்பட்டாலும், சூழ்நிலைக்கேற்ப நிரந்தர ஜீவனாம்சம் வழங்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வெளிநாட்டில் கணவர் ஒருதலையாகப் பெற்ற விவாகரத்து ஆணை தபாலில் வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். திருப்பதியில் நடந்த திருமணம் ஒன்றை அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றம் ரத்து செய்த வழக்கில், அந்த ஆணை இந்தியாவில் செல்லாது என 1991-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. திருமணம் நடந்த சட்டத்தில் இல்லாத காரணத்தின் பேரில், மனைவி தாமாக முன்வந்து ஏற்காத நீதிமன்றம் அளித்த ஆணைக்கு இங்கு மதிப்பில்லை. அந்த நோட்டீசுக்கு எவ்வாறு பதிலளிப்பது என்பதை முடிவெடுக்கும் முன் இந்திய வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அவசியம். பதில் மனுவின் சொற்களே அந்நாட்டு நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படக்கூடும்.

*கொடுத்த பணமும் கொடுத்தவரின் நிலையும்*

ஐஇஎல்டிஎஸ் திருமணங்களில் மிகவும் சங்கடமான பகுதி இதுதான். ஏமாற்றப்பட்ட கணவர் கனடா அரசிடம் முறையிட்டால் என்ன நடக்கும்? அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி பொய்யான தகவல் அளித்தவர் ஐந்து ஆண்டுகள் நுழையத் தடை விதிக்கப்படலாம். ஆனால் அப்பெண் மாணவர் விசாவைத் தம் சொந்த மதிப்பெண்ணால் பெற்றவர். திருமணத்தைக் காட்டி அவர் கனடாவிடமிருந்து எதையும் பெறவில்லை. கனடாவின் பார்வையில் அங்கு மோசடி இல்லை; கைவிடப்பட்ட கணவர் மட்டுமே இருக்கிறார். மாறாக, குடியேற்றப் பலனுக்காகவே செய்யப்பட்ட திருமணத்தை அந்நாட்டு விதிகள் ஏற்பதில்லை என்பதால், துணைவர் விசா கோரிய கணவரின் நோக்கமே கேள்விக்கு உள்ளாகலாம்.

இந்திய நீதிமன்றத்திலும் இதே நிழல் தொடர்கிறது. நிரந்தரக் குடியுரிமை கிடைத்ததும் பிரிந்துவிடலாம் என்ற 'ஒப்பந்தத் திருமணம்' முத்திரைத் தாளில் எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் முரணான ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூறுகிறது. அதை நம்பிப் பணம் கொடுத்தவர், தாமும் அதே தவறில் பங்கேற்றவராக நீதிபதி முன் நிற்க நேரிடும். உண்மையான இல்லற வாழ்வை எதிர்பார்த்து, கல்விச் செலவை ஏற்ற கணவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. புகாரை எழுதும்போதே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும். ஆனால் காவல் நிலையங்களுக்கு வரும் மனுக்கள் பலவும் 'விசாவுக்காக மணம் செய்து வைத்தோம்' என்று வெள்ளந்தியாகத் தொடங்குகின்றன.

வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தைப் பெண் வீட்டார் கொடுப்பதற்கு மட்டுமே உரியதாகக் கருதுவது மற்றொரு தவறு. திருமணத்தை ஒட்டி ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்குக் கொடுக்கும் சொத்து அனைத்தும் வரதட்சணை என்பதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கம். அதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. கொடுப்பதும் குற்றம். மணமகன் வீட்டார் கொடுத்த கல்லூரிக் கட்டணம் அதில் அடங்குமா என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்ப இடமுண்டு. பாதிக்கப்பட்டவர் அளிக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரக் கூடாது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தின் 7(3) பிரிவில் உள்ளது. பணத்தைத் திரும்பப் பெற உரிமையியல் வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் அவகாசம்; மோசடியாயின் அது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். பெற்றோரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்ட தொகையை நிரூபிப்பது எளிது. ரொக்கமாகத் தரகரிடம் கொடுத்ததை மீட்பது அரிது. தரகருக்குப் பங்கு இருப்பின் கூட்டுச் சதிப் பிரிவைச் சேர்க்கக் கோரலாம். பஞ்சாபில் பயண முகவர்கள் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதால், உரிமமின்மை தனிக் குற்றமாகும்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கு ஏமாற்றப்படுபவர் பெரும்பாலும் துணையை அழைத்துவரும் அமெரிக்கக் குடிமகன். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். குடியேற்றத்துக்காகப் போலித் திருமணம் செய்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்க 1986-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. ஆனால் துணையை அழைக்கும்போது கையெழுத்திட்ட பராமரிப்பு உறுதிமொழி விவாகரத்துடன் முடிவதில்லை. அத்துணை குடியுரிமை பெறும் வரையோ, ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்புக்கான கணக்கை எட்டும் வரையோ அது தொடரலாம்.

இந்தியக் குடிமக்களை மணந்து ஓசிஐ அட்டை பெற்றுப் பின் விலகும் வெளிநாட்டவர் விஷயத்தில் நமது சட்டம் சற்றுக் கண்டிப்பானது. பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டுகள் நீடித்த பின்னரே துணைவர் என்ற அடிப்படையில் அட்டை கோர முடியும். திருமணம் கலைக்கப்பட்டாலோ, அது நீடிக்கும்போதே வேறொரு திருமணம் செய்தாலோ குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவின்படி மத்திய அரசு அட்டையை ரத்து செய்யலாம்.

*ஆணை கடல் தாண்டுமா?*

வழக்குப் பதிவானதும் குடும்பங்கள் முதலில் கேட்பது லுக் அவுட் நோட்டீஸ். அது விமான நிலையத்தில்தான் செயல்படும். இந்தியா திரும்பாதவரை அது ஒன்றும் செய்யாது. கனடாவுடன் 1987 முதல் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் உண்டு. ஆனால் செயல் இரு நாடுகளிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பதால் மோசடி வழக்குக்கு வாய்ப்பிருக்கும் இடத்தில் 'கணவர் வீட்டார் கொடுமை' என்ற நமது தனிக் குற்றத்துக்கு வாய்ப்புக் குறைவு. தலைமறைவானவர் இல்லாமலேயே விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழிவகுத்திருப்பது வரவேற்பைப் பெற்றது. ஆனால் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக ஒருவரை ஆக்குவதற்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றம் வேண்டும். ஏழு ஆண்டு உச்சவரம்பு கொண்ட மோசடி வழக்குகளுக்கு இது பயன்படாது. சட்டம் இயற்றியோர் இத்தரப்பினரை மனத்தில் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

நடைமுறையில் பலன் தருவது கடவுச்சீட்டே. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலோ, நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருந்தாலோ கடவுச்சீட்டுச் சட்டத்தின் 10(3) பிரிவின்படி கடவுச்சீட்டை முடக்கக் கடவுச்சீட்டு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் வெளிநாட்டில் விசாவைப் புதுப்பிப்பது கடினம் என்பதால், பேச்சுக்கே வராதவர்களும் அதன் பின் வழக்கறிஞரை அமர்த்துகின்றனர். எதிர்த்தரப்பினர் ஏற்கெனவே வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்த ஆயுதமும் கைநழுவிப் போகும். கைவிடப்பட்ட பெண்களுக்குத் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடுவாழ் இந்தியர் பிரிவும், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளமும், இந்தியத் தூதரகங்கள் வழியாகச் சட்ட உதவி பெறும் திட்டமும் உள்ளன. ஏமாற்றப்பட்ட ஆண்களுக்கென இத்தகைய தனி ஏற்பாடு இல்லை. அவர்கள் காவல் துறையையும் பஞ்சாபின் வெளிநாடுவாழ் இந்தியர் காவல் நிலையங்களையுமே நாட வேண்டியுள்ளது.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் இந்தியத் திருமணங்களைக் கலைப்பதைத் தடுக்கவும், இந்திய ஆணைகளை அங்கே நிறைவேற்றவும் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2019 பிப்ரவரியில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. 30 நாட்களுக்குள் பதிவு, தவறினால் கடவுச்சீட்டு முடக்கம், வெளியுறவு அமைச்சக இணையதளம் வழியாகவே அழைப்பாணை, சொத்துப் பறிமுதல் ஆகியவை அதன் கூறுகள். அது இன்னும் சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் அளித்த 287-ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம், ஓசிஐ அட்டைதாரர்களையும் உள்ளடக்கிய விரிவான மத்தியச் சட்டம் தேவை என்றும், கடவுச்சீட்டில் திருமண நிலையைப் பதிவது கட்டாயமாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இம்மசோதா நிறைவேறினாலும் ஐஇஎல்டிஎஸ் திருமணங்களில் பாதிக்கப்பட்டோர் அதன் வரம்புக்குள் வரமாட்டார்கள். மணவறையில் அமரும் நேரத்தில் மணமகள் வெளிநாடுவாழ் இந்தியர் அல்லர். லூதியானாவிலோ மோகாவிலோ வசிக்கும் மாணவி. மசோதா தொடக்கம் முதல் இறுதி வரை வெளிநாட்டிலிருந்து வந்து மணம் முடிப்பவரையே எதிராளியாகக் கொண்டு எழுதப்பட்டது.

கனடா, 2023-ஆம் ஆண்டில் மணம் முடித்துப் பெண்ணை அனுப்பி வைத்த குடும்பங்களில் பலவற்றுக்கு 12-ஆவது பிரிவின் ஓராண்டு ஏற்கெனவே கடந்திருக்கும். பணத்துக்கான மூன்று ஆண்டுக் கெடுவும் நெருங்குகிறது. தொலைபேசி எண் மாறியதை முதலில் அறிந்த நாள் எது, அதற்குச் சான்று என்ன என்பதையே அவர்களது வழக்கறிஞர் முதலில் கேட்பார்.